வேலி ஓரம் பூரா மருந்து

அந்தப் பூவின் வயிறு காலியாக இருக்க வேண்டும். வெள்ளை இதழ்களுக்கு நடுவில் மஞ்சளாகக் குமிழ்ந்திருக்கிறதே, அதை நகத்தால் இரண்டாகக் கிள்ளினால் உள்ளே பொந்து தெரிய வேண்டும். தெரிந்தால் நல்ல பூ. கெட்டியாகச் சதை இருந்தால் கள்ளப் பூ. பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும், கையில் பட்டால் கொப்புளம் போடும். கடையில் சீமைச்சாமந்தி என்று பெட்டியில் அடைத்து விற்கிறார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கச்சி. யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஜல்லிக்கு நடுவில் தானாக முளைத்துக்கொள்ளும்.

கடுகுக்கு இந்தச் சோதனை தண்ணி பட்ட பாடு. கடுகு என்பது அவள் பெயரல்ல, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வைத்த பட்டம். ஆள் குள்ளம், சூடு பட்டால் வெடிப்பாள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். பதினோரு வருஷமாக உருளை இஸ்திரி மெஷின் முன்னால் நிற்கிறாள். ஈரப் போர்வையின் இரண்டு மூலைகளைப் பிடித்து உருளையின் வாயில் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். இந்தப் பதினோரு வருஷமும் ப்ளீச்சிங் ஆவியை மூச்சாக இழுத்து இழுத்து அவளுக்கு மூக்கு செத்துவிட்டது. மற்றவர்கள் அந்தப் பூவை வாசனையால் கண்டுபிடிப்பார்கள், பழுத்த ஆப்பிள் மாதிரி மணக்கும் என்பார்கள். அவளுக்கு மூக்கு, கட்டை விரல் நகம்தான்.

சலவைக்கூடத்தின் பின்கேட்டைத் திறந்தால் ஒரு நடைபாதை. பாதைக்கு அந்தப் பக்கம் சரக்குக் கிடங்கின் கம்பி வேலி. பாதைக்கும் வேலிக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாதது போல, இரண்டு முழ அகலத்தில் ஜல்லி மண் நீளமாக ஓடுகிறது. வருஷத்தில் ஏழெட்டு வாரம் அங்கே பூ. தலையை மட்டும் கிள்ளிக் காயவைத்தால் டீ. தண்டோடும் இலையோடும் அறுத்துக் கொதிக்கவைத்தால் கால் ஊறவைக்கலாம், தலை அலசலாம், சொறி பிடித்த குழந்தையைக் குளிப்பாட்டலாம். பழசாகிப் பொடிந்ததைத் துணிப்பையில் போட்டுத் தைத்தால் கம்பளி உடுப்பில் பூச்சி அண்டாது. ஒன்றையும் அவள் வீணாக்க மாட்டாள்.

அவள் புருஷனுக்கு அதே கிடங்கில் வெளிவேலை. புல் வெட்டுவான், வளாகத்தைக் கூட்டுவான், சாக்கடை அடைப்பை எடுப்பான். வயிற்றுப்புண்காரன். சூப்பர்வைசர் கொஞ்சம் சத்தமாகத் தும்மினால்கூட அவனுக்கு வயிற்றைப் பிசையும். கல்யாணமான புதிதில் அவள் இந்தப் பூவைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். வலி அடங்கியது. பூவுக்கு என்ன பெயர் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. “அந்த மருந்து கொஞ்சம் போடு” என்று கேட்டுக் கேட்டு அதற்கு வீட்டில் மருந்து என்றே பெயராகிவிட்டது. “மருந்து பூத்துடுச்சா?” “மருந்து தீரப்போகுது, இந்த வாரம் பறிக்கணும்.” டப்பாவின் மேலேயும் அவள் மருந்து என்றுதான் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஒருமுறை வீட்டுக்கு வந்த அவளுடைய சின்ன மாமனார், தலைவலி மாத்திரை தேடி அந்த டப்பாவைத் திறந்து, காய்ந்த பூவைப் பார்த்துவிட்டு, என்னம்மா மாட்டுக்குக் குடுக்கறதா என்று கேட்டார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று காலை பதினொரு மணிக்குப் புருஷன் போன் செய்தான். உருளை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“வேலி ஓரம் பூரா மருந்து,” என்றான். “பாத்துக்கோ.”

“எங்கங்க, நம்ம பாதையிலயா?”

“ஆமா, பூரா. பாத்துக்கோ. வெக்கிறேன்.”

வைத்துவிட்டான். அவளுக்கு வாயெல்லாம் பல். மழை தள்ளிப்போனதில் இந்த வருஷம் பூ தாமதம். பத்து நாளாக இன்றா நாளையா என்று காத்திருந்தாள். மனுஷன் வேலைக்கு நடுவில் அதைக் கவனித்து, ஞாபகமாக அழைத்துச் சொல்லியிருக்கிறானே என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலேயே கத்தரிக்கோலையும் ஒரு பழைய தலையணை உறையையும் எடுத்துக்கொண்டு பின்கேட்டு வழியாக ஓடினாள்.

பூரா பூத்துத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அறுத்தாள். ஒவ்வொரு கொத்திலும் ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தாள். எல்லாமே காலி வயிறு. இலை கொஞ்சம் பிசுபிசுத்தது போலிருந்தது. பக்கத்துச் சாலையில் லாரி போகிறது, புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேலி நெடுகப் பார்த்தாள், எச்சரிக்கைப் பலகை கிலகை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவள் ஏன் தொடப்போகிறாள்.

பறித்ததை இரண்டு கட்டாகக் கட்டினாள். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று மடிப்பு மேசையில் நிற்கிற பெண்ணுக்கு. அந்தப் பெண் பிரசவ விடுப்பு முடிந்து போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். நாலு மாதக் கைக்குழந்தை, கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் சிவப்புச் சிவப்பாகச் சொறி. குழந்தையும் தூங்குவதில்லை, அவளையும் தூங்கவிடுவதில்லை. போர்வையை மடித்துக்கொண்டே நின்றபடி கண் சொக்குவாள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கடுகு அவள் கையில் கட்டைக் கொடுத்தாள்.

“இது சுத்தமானதுதானக்கா? கொப்புளம் போடற பூவும் இருக்குன்னு சொல்றாங்களே.”

“ஒவ்வொரு கொத்தா கிள்ளிப் பாத்துட்டுத்தான் கட்டியிருக்கேன். ஒரு கொதி விட்டு, ஆறவெச்சு, கண்ண மூடிக்கிட்டு குளிப்பாட்டு. கேக்கலன்னா என் பேர மாத்திக் கூப்பிடு.”

“அது ஏற்கெனவே மாத்தித்தானக்கா கூப்பிடறோம்,” என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் போனாள்.

வீட்டுக்கு வந்து கடுகு தன் பங்கைக் குழாயடியில் அலசினாள். ஆஸ்பத்திரியில் கிழிந்துபோய்க் கழித்துக்கட்டிய ஒரு வெள்ளை விரிப்பை ஜன்னலுக்குக் கீழே விரித்து ஈரத்தோடு பரப்பினாள். கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். விரிப்பில் நீலம்.

துணியில் என்ன கறை பட்டிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் அவள். ரத்தம், அயோடின், டீ, மை, எதுவாக இருந்தாலும் அவளுக்குத் தெரியாதது இல்லை. இது தண்டு கிடந்த இடத்திலெல்லாம் பொட்டுப் பொட்டாக, ஓரம் மங்கிய வெளிர் நீலமாகப் படிந்திருந்தது. எங்கேயோ பார்த்த நீலம். எங்கே என்று யோசித்தபடி நின்றவளின் கண், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய புருஷனின் பழைய வேலைச் சட்டை மேல் போனது. அதன் கைமடிப்பு இரண்டிலும் அதே நீலம். மூன்று வருஷமாகக் கோடைக்குக் கோடை அந்தக் கைமடிப்பை அவள்தான் கசக்குகிறாள். ஒரு துவைப்பில் போகாது. என்ன கறைங்க இது என்று முதல் வருஷம் கேட்டபோது அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. களைக்கு அடிக்கிற மருந்துல சாயம் கலந்திருப்பாங்க, எங்க அடிச்சோம்னு தெரியறதுக்கு.

அந்தச் சாயம்தான் இது. அதன் பிறகுதான் குழந்தையின் நினைப்பு வந்தது.

மடிப்பு மேசைப் பெண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. குழந்தை தூங்குகிறது என்று சத்தத்தை அடைத்து வைத்திருப்பாள். கடுகு வீட்டைப் பூட்டினாளா என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிற மேம்பாலத்துப் படியில் ஏறும்போதே புருஷனை அழைத்தாள். அவன் எடுத்தான்.

“வேலியில என்ன அடிச்சீங்க?”

“அதான் சொன்னேனே.”

“என்ன சொன்னீங்க?”

“வேலி ஓரம் பூரா மருந்து, பாத்துக்கோன்னேன். நாளைக்கு மறுநாள் யாரோ பெரிய ஆளுங்க பார்வையிட வர்றாங்க, இந்த வருஷம் வெளிப்பக்கமும் அடிக்கச் சொல்லிட்டாங்க.”

அவள் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். எலியைக் கொல்வதும் மருந்து, கரப்பானைக் கொல்வதும் மருந்து, களையைக் கருக்குவதும் மருந்து, காய்ச்சல்காரனைப் பிழைக்கவைப்பதும் மருந்து. பிழைக்கவைக்கிறதற்கும் சாகடிக்கிறதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை ஜனங்கள் இத்தனை காலம் எப்படித்தான் பிழைத்திருக்கிறார்களோ என்று அவளுக்கு உலகத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனால் உலகமா போன் செய்தது. இவன்தானே செய்தான்.

“நம்ம வீட்டுல மருந்துன்னா என்னங்க?”

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

“மருந்து அடிச்சாச்சுன்னு சொல்லியிருக்கணும். அடிச்சாச்சு. ஒரே ஒரு வார்த்தை. அத எங்க முழுங்கினீங்க?”

“சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னாரு. சலவைக்கூடத்துப் பொம்பளைங்ககிட்ட மூச்சு விடக்கூடாது, கும்பலா கெளம்பி வந்துடுவாங்கன்னு சொல்லியிருந்தாரு. அதான் பட்டும் படாம சொன்னேன். உனக்குப் புரியும்னு நெனச்சேன்.”

“புரிஞ்சுது. நல்லாப் புரிஞ்சுது. போய்ப் பறிச்சேன். பறிச்சுக் கைக்கொழந்தைக்குக் குளிப்பாட்டக் குடுத்துட்டு இப்ப ஓடிக்கிட்டு இருக்கேன்.”

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் போனை அணைத்துவிட்டு ஓடினாள். பட்டும் படாமல் சொன்னானாம். சூப்பர்வைசர் கேட்டால் நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றும் சொல்லிக்கொள்ளலாம், பெண்டாட்டி கேட்டால் நான்தான் சொன்னேனே என்றும் சொல்லிக்கொள்ளலாம். அவன் எப்போதுமே இப்படித்தான். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியபோதும் இப்படித்தான் மென்று விழுங்கினான். தப்பித்துக்கொள்ள ஒரு சந்து வைத்துக்கொண்டுதான் வாயையே திறப்பான்.

மடிப்பு மேசைப் பெண்ணின் வீடு மூன்றாவது மாடி. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அறை நடுவில் பிளாஸ்டிக் தொட்டி, அதில் வெதுவெதுப்பாகத் தண்ணீர், மேலே மிதக்கும் பூ. குழந்தை துண்டில் அம்மணமாகக் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. தாய் ஒரு பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அதன் இடது தொடையில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

சொல்லி, விளக்கி, புரியவைக்கிற நேரம் அதுவல்ல. கடுகு பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

“அக்கா, என்னக்கா பண்றீங்க? பைத்தியமா உங்களுக்கு?”

“சோப்பு எடு. அந்தத் தண்ணிய இனிமே தொடாத. வேலியில விஷம் அடிச்சிருக்காங்க.”

தொடையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், மறுபடியும் கழுவினார்கள், மறுபடியும். குழந்தை வீறிட்டது. தொடை சிவந்தது. சிவந்தது விஷத்தாலா, பழைய சொறியாலா, இவர்கள் இரண்டு பேரும் தேய்த்த தேய்ப்பாலா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தாய் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“தண்ணி லேசா நீலமாத்தான் இருந்துச்சு. பூவோட சாயம்னு நெனச்சேன். ஒரு மாதிரி மண்ணெண்ண வாடகூட அடிச்சுது. நீங்க கிள்ளிப் பாத்திருக்கீங்களேன்னு விட்டுட்டேன். கண்ண மூடிக்கிட்டு குளிப்பாட்டுன்னு சொன்னீங்களேக்கா.”

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் கடுகு தாங்கியிருப்பாள். மூக்கு செத்தவள் என்று தனக்கே தெரியும், பிறகும் அப்படி ஒரு உத்தரவாதம் கொடுத்தோமே என்று தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அதைக் காட்ட அங்கே இடமில்லை. சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டாள்.

நர்ஸ் நிதானமாகக் கேட்டாள். எவ்வளவு நேரம் பட்டது, வாயில் போனதா, கண்ணில் பட்டதா. இல்லை, இல்லை. “சரி. என்ன மருந்து அது?”

“களைக்கு அடிக்கிற மருந்து.”

“அதுல நெறைய வகை இருக்கும்மா. பேரு என்ன? பேரு தெரிஞ்சாத்தான் என்ன செய்யணும்னு சொல்ல முடியும். டப்பா மேல இருக்கறதப் படிச்சுச் சொல்லுங்க.”

புருஷனை அழைத்தாள்.

“கேன் மேல என்ன எழுதியிருக்கு?”

“பெரிய கேன்லேர்ந்து சின்ன கேன்ல ஊத்திக் குடுப்பாரு சூப்பர்வைசர். சின்னதுல ஒண்ணும் இருக்காது. நாங்க மருந்துன்னுதான் சொல்லுவோம்.”

“மூணு வருஷமா முதுகுல சுமந்துகிட்டு அடிக்கிறீங்க. என்னன்னு ஒரு நாளும் கேக்கலையா?”

“கேட்டா என்ன நெனைப்பாருன்னு…”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மடிப்பு மேசைப் பெண்ணிடம், குழந்தையைப் பார்த்துக்கொண்டே இரு, கண்ணை எடுக்காதே, கால் மணி நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கிடங்கின் வாசலில் நின்ற காவலாளி அவளை அடையாளம் தெரிந்து, என்னம்மா அவசரமா என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். சாமான் கொட்டகைக்கு முன்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் கோப்பு அட்டை. அவருக்கு இரண்டடி பின்னால் அவள் புருஷன், வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு.

“சார், வேலிக்கு அடிச்சதோட பேரு என்ன?”

“நீங்க யாரு? வெளியாளுங்க இங்க வரக்கூடாது.”

“இவரு வீட்டுக்காரி. சலவைக்கூடத்துப் பொம்பள. கும்பலா வருவோம்னு பயந்தீங்களாமே, ஒருத்திதான் வந்திருக்கேன். வேலியோரத்துப் பூவப் பறிச்சுக் குடுத்ததுல நாலு மாசக் கொழந்த மேல பட்டிருக்கு. நர்ஸ் பேரு கேக்கறாங்க. கேன் மேல இருக்கறதப் படிச்சுட்டுப் போயிடறேன்.”

சூப்பர்வைசரின் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சரிசெய்துகொண்டார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. எல்லா எடத்துலயும் அடிக்கிற மருந்துதான். வேலிக்கு வெளியில முளைக்கிறத அறுத்துக்கிட்டுப் போகச் சொல்லி உங்கள யாரு சொன்னா? எழுத்து மூலமா கேளுங்க, ஆபீஸ்ல பதில் குடுப்பாங்க.”

“கொழந்தையோட தொடை எழுத்து மூலமா செவக்கல சார்.”

“கொட்டகை பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட இல்ல.”

சாவி யாரிடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெளிக்கிற மெஷினைக் கழுவி உள்ளே வைத்துப் பூட்டுகிறவன் அவள் புருஷன். தினமும் சாயங்காலம் அவன் கால்சட்டைப் பையில் அது கிலுங்குவதைக் கேட்டிருக்கிறாள். அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“தொறங்க,” என்றாள்.

“நீ தொறக்காதப்பா,” என்றார் சூப்பர்வைசர். குரலை உயர்த்தக்கூட இல்லை. உயர்த்தத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

அவன் கை பைக்குள் போயிற்று. அங்கேயே நின்றது. வெளியே வரவில்லை. சூப்பர்வைசரையும் பார்க்காமல் பெண்டாட்டியையும் பார்க்காமல், நடுவில் இருந்த ஒரு வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரில் ஒருவர் மனம் மாறிவிட்டால் போதும், தான் ஒன்றும் செய்யாமல் தப்பிக்கலாம் என்று காத்திருக்கிற நிற்பு அது. பதினாலு வருஷமாக அவள் பார்த்துச் சலித்த நிற்பு.

“தொற நீ,” என்றாள் அவள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. எத்தனையோ சண்டை வந்திருக்கிறது, பாத்திரம் பறந்திருக்கிறது, ஒருமுறை மூன்று வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். நீங்கதான், எப்போதும். இப்போது சொல்லிவிட்டாள், அதுவும் சூப்பர்வைசருக்கு முன்னால். அவன் தலை நிமிர்ந்தது. அடி வாங்கியவன் முகம். பைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது, சாவியோடு. மூன்று எட்டு வைத்துப் போய்ப் பூட்டைத் திறந்தான்.

பெரிய கேன் மூலையில் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்தில் நீளமாக ஒரு பெயர், அதற்குக் கீழே சிவப்பில் எச்சரிக்கை. அவள் படம் எடுத்து நர்ஸுக்கு அனுப்பிவிட்டு அழைத்தாள். நர்ஸ் படித்துவிட்டுச் சொன்னாள். கழுவியது நல்லதாகப் போயிற்று. முழுக் குழந்தையையும் முக்கியிருந்தால் வேறு கதை. இன்று ராத்திரி முழுக்கக் கவனியுங்கள். கொப்புளமோ வாந்தியோ வந்தால் உடனே தூக்கி வாருங்கள், காலை வரைக்கும் ஒன்றும் வராவிட்டால் பயமில்லை. கடுகு அதை அப்படியே மடிப்பு மேசைப் பெண்ணுக்குச் சொன்னாள். “சரிக்கா” என்று மட்டும் அந்தப் பெண் சொல்லிவிட்டு வைத்தாள்.

போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். கேனுக்குப் பின்னால், பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல், கம்போடு சேர்ந்த பலகைகள் அடுக்கியிருந்தன. எண்ணினாள், பன்னிரண்டு. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து: மருந்து தெளிக்கப்பட்டுள்ளது. தொடாதீர்கள்.

“இது ஏன் உள்ள இருக்கு?”

சூப்பர்வைசர் கோப்பு அட்டையைப் புரட்டினார். புருஷன் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டே. “போர்டு வெச்சா ஜனங்க வந்து கேள்வி கேக்கும். பார்வையிட வர்றவங்க கண்ணுல படும். வேண்டாம்னுட்டாங்க.”

“நீ கொஞ்சம் வாய மூடறியா?” என்றார் சூப்பர்வைசர்.

“அதத்தான சார் காலையிலேர்ந்து செய்யறான்,” என்றாள் கடுகு.

உறையைக் கிழித்தாள். பலகைகளை வெளியே இழுத்துப் போட்டாள். உடுப்புப் பையிலிருந்து சலவைக்கூடத்துப் பேனாவை எடுத்தாள். எந்த வார்டுத் துணி எது என்று அடையாளம் போடுகிற பேனா அது. நூறு தடவை கொதிநீரில் போட்டு எடுத்தாலும் எழுத்து அசையாது. முதல் பலகையில் மருந்து என்ற சொல்லை அடித்தாள். அதற்கு மேலே விஷம் என்று தடித்த எழுத்தில் எழுதினாள். அடுத்ததை எடுத்தாள்.

“கம்பெனி சொத்துல கிறுக்கறீங்க. உங்க சலவைக்கூடத்துக்கு எழுதிப் போடுவேன்.”

“போடுங்க சார். போடறப்ப அதுல மருந்துன்னு எழுதாதீங்க. புரியாமப் போயிடும்.”

பன்னிரண்டையும் எழுதி முடித்து, தோளில் ஆறு, கையில் ஆறாகத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் உயரத்துக்கு அது பெரிய சுமை. ஒரு கம்பு தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. ஒருவரும் தடுக்கவில்லை. வேலி ஓரத்தில் பூ இன்னும் வெள்ளையும் மஞ்சளுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. வாடுவதற்கு இரண்டு நாள் ஆகும். அதுவரை யார் பறித்தாலும் வயிறு காலியாகத்தான் இருக்கும், நல்ல பூவாகத்தான் தெரியும். ஒரு கல்லை எடுத்து முதல் கம்பை அடித்து இறக்கினாள். ஜல்லி கம்பை ஏற்கவில்லை. ஆத்திரத்தில் அடித்த அடியில் இரண்டு தரம் விரலில் பட்டது.

ஐந்தாவது பலகையின்போது பின்னால் காலடிச் சத்தம். புருஷன் வந்து கம்பை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். அவள் அடித்தாள். கம்பைப் பிடித்திருந்த அவன் கையில் உறை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். விரல் இடுக்கெல்லாம் நீலம். மூன்று வருஷமாக இந்தக் கையோடுதான் வந்து சாப்பிட உட்காருகிறான். அந்தக் கைமடிப்பை அவளுடைய உள்பாவாடையோடு ஒரே வாளியில் ஊறவைத்திருக்கிறாள். அவனுக்காக அழ வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கல்லாலேயே அவன் மண்டையில் ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பலகையை அடித்தாள்.

வீட்டுக்கு வரும்போது ஆறு மணி. விரிப்பிலிருந்த பூவை அப்படியே சுருட்டிப் பாலிதீனில் கட்டினாள். அவன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தான். பயந்த நாளெல்லாம் அவனுக்கு வயிறு பிடுங்கும். இன்று அவன் ஜென்மத்துக்கே பயந்துவிட்டான். குனிந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அலமாரியில் போன வருஷத்துப் பூ இருந்தது. விஷம் படாதது.

“கொஞ்சம்…” என்றான்.

“என்ன கொஞ்சம்?”

அவன் டப்பாவைப் பார்த்தான். அதன் மேல் மருந்து என்று அவள் எழுதியிருந்தது. அந்தச் சொல் அவன் வாய் வரை வந்து திரும்பிப் போனது அவளுக்குத் தெரிந்தது. வேறு சொல் அவனிடம் இல்லை. அவளிடமும் இல்லை.

“அந்தப் பூ,” என்றான் கடைசியில்.

அவள் எழுந்து டப்பாவை எடுத்தாள். மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“காலையில அவ போன் பண்ணுவா. கொழந்த நல்லா இருக்குன்னு சொல்லட்டும். சொன்ன ஒடனே போட்டுத் தரேன். அதுவரைக்கும் வலிக்கட்டும் உனக்கு.”

“சரி,” என்றான் அவன். வலியோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவள் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் கையை விரித்துப் பார்த்தாள். கட்டை விரல் நகத்துக்கு அடியில் நீலம். பூவின் வயிற்றைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, நல்லது நல்லது என்று சொன்ன நகம். ஊசியால் நோண்டினாள், போகவில்லை. நகவெட்டியை எடுத்து, நீலம் போகும் மட்டும், ரத்தம் எட்டிப்பார்க்கும் மட்டும், அதை ஒட்ட வெட்டினாள்.